உச்சிக்கு மேல் அசுவினி

நான் நல்ல வீட்டுக்காரி. பீளமேட்டில் எங்கள் வீதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குடியிருப்பவர்களுக்கு நான் ஒரு நாளும் தண்ணீரை நிறுத்தியதில்லை. நல்ல தண்ணீர் வராமல் இழுத்தடித்த கோடையில்கூட, என் தொட்டியில் இருந்ததை அவர்களோடு பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டேன்.

நாற்காலி போட்டதற்கு நன்றி. டீ வேண்டாம், எனக்குச் சர்க்கரை. என்னை யாரும் கூட்டி வரவில்லை, ஆட்டோ பிடித்து நானே வந்தேன். எபினேசர் சார் இறந்ததைப் பற்றி யாரும் புகார் கொடுக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். சட்டையில் ரம்ஷா என்று பெயர் போட்டிருக்கிறது. என் மகனைவிடச் சின்னவராகத் தெரிகிறீர்கள். அம்மணி என்று கூப்பிட்டால் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பக்கத்தில் அது மரியாதைதான்.

என் வீடும் வாடகை வீடும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன. நடுவில் ஒரு சுவர். என் கணவர் லட்சுமிநாராயணன் பம்ப் பட்டறை வைத்திருந்தவர், எதையும் முன்யோசனையோடு செய்வார். கட்டும்போதே அந்தச் சுவரில் கதவு வைக்க இடம் விட்டு, மேலே லிண்டல் போட்டு, இடைவெளியை ஒற்றைச் செங்கல்லால் சும்மா அடைத்து வைத்தார். "வம்சிக்குக் கல்யாணம் ஆனா அந்தப் பக்கம் வந்துருவான் கனகம். செங்கல்ல எடுத்துப்போட்டுக் கதவு மாட்டிக்கலாம்" என்பார். கதவு மாட்டுவதற்கு முன்பே அவர் போய்விட்டார். அந்த ஒற்றைச் செங்கல் வழியாக அடுத்த வீட்டுச் சத்தம் எல்லாம் எனக்குக் கேட்கும். இதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் புரியும்.

வம்சி ஹைதராபாத்தில் வேலை பார்க்கிறான். உடுமலைப்பேட்டையில் தேங்காய் வியாபாரம் செய்கிற லட்சுமணசாமி அவர்களின் பெண் ஹர்ஷிணியை நிச்சயம் செய்திருக்கிறோம். தை மாதம் கல்யாணம். அவன் கம்பெனிக்குக் கோயம்புத்தூரிலும் ஆபீஸ் உண்டு, கேட்டால் மாற்றிக் கொடுப்பார்களாம். "ஊடு ரெடின்னா வந்தர்றோம்மா. இல்லீன்னா இங்கயே ஃப்ளாட் பாத்தாச்சு. ஒருக்கா செட்டில் ஆயிட்டா அப்புறம் வர முடியாது, முன்னாடியே சொல்லிட்டேன்" என்றான். மிரட்டலாகச் சொல்லவில்லை. அவன் அப்படிப்பட்ட பையன் இல்லை. கணக்கு அதுதான் என்று சொன்னான்.

எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் என் வீடு, தை மாதத்துக்குள். இந்த ஊரில் பேராசை என்று சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது.

குடியிருந்தது சாராளும் அவள் மாமனார் எபினேசர் சாரும். சாராளின் கணவன் தங்கராஜ் கொரோனாவில் போனான். ஒரே மகள் ஷைலாவைக் கோபிசெட்டிபாளையத்தில் கட்டிக் கொடுத்திருந்தாள். சார் மிஷன் பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குடிவந்த புதிதில் தினமும் விடியலில் வீதியில் விறைப்பாக நடப்பார், என்னைப் பார்த்தால் சல்யூட் வைப்பார். "ஏனுங்க ஓனரம்மா, முதுகு கூனுது பாருங்க. நிமிருங்க. அட்டென்ஷன்!" என்பார். வீதியே சிரிக்கும். எனக்கும் சிரிப்பு வரும். வாடகை ஒரு மாதமும் தவறியதில்லை. ஆகவே இது பணத்தைப் பற்றிய கதை இல்லை.

அப்புறம் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது பக்கம் முழுவதும் போயிற்று, பேச்சும் போயிற்று. தொண்டையிலிருந்து ஒரே ஒரு சத்தம் மட்டும் வரும். பசி, வலி, ஈரம் எல்லாவற்றுக்கும் அதே சத்தம்தான். என்னைப் பார்த்தால் இடது கையால் சல்யூட் வைப்பார்.

நோட்டீஸை நான் முறைப்படிதான் கொடுத்தேன். வக்கீல் மூலமாக, உரிய அவகாசம் கொடுத்து. கையில் வாங்கிய சாராள் என்னோடு சண்டைக்கு வரவில்லை. "உங்க பையனுக்குத்தானுங்கம்மா. நியாயம்தானுங்க. பாத்துட்டு மாறிக்கறோமுங்க" என்றாள். அவள் பார்க்கவும் செய்தாள். சிங்காநல்லூர், கணபதி, சரவணம்பட்டி, கடைசியில் அன்னூர் வரைக்கும் போனாள். போன் பேசும்போது எல்லோரும் சரி என்றார்கள். வீட்டில் யார் யார் என்று கேட்ட பிறகு யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். அன்னூர்க்காரர் மட்டும் நேரில் வந்து கட்டிலைப் பார்த்துவிட்டு, புரோக்கரைத் தனியாக அழைத்துப் பேசினார். புரோக்கர் சாராளிடம் வந்து, "ஊடு கொடுக்கலாமுங்க. ஆஸ்பத்திரி கொடுக்க முடியாதுன்றாருங்க" என்றான். நானும் அங்கேதான் நின்றிருந்தேன். அவனுக்கு அதில் ஒரு சிரிப்பு வேறு.

நோட்டீஸ் காலம் முடிந்தது. ஐப்பசியும் போயிற்று. நான் மறுபடி வக்கீலிடம் போனேன். கேஸ் போட்டால் ஜெயிக்கலாம், ஆனால் தைக்குள் முடியாது என்றார். "அதுக்காகக் கரண்டை புடுங்கறது, தண்ணிய நிறுத்தறதுன்னு எறங்கிடாதீங்கம்மா. அது குத்தம்" என்றும் சொன்னார். அப்படி ஒரு எண்ணமே எனக்கு இல்லை என்றேன். உண்மையிலேயே இல்லை.

அந்த வாரம் சாராள் என் வீட்டு வாசலில் நின்று ஒன்று சொன்னாள். அழவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "மாமா இருக்கற வரைக்கும் எங்களுக்கு யாரும் ஊடு தர மாட்டாங்கம்மா. அவரு காலம் முடிஞ்சா எனக்கு எதுக்குங்க ஊடு, ஷைலா கூடப் போய் இருந்துக்குவேன்."

அவள் அதை என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு விஷயத்தை விளக்க வேண்டும், அம்மணி. உங்கள் வீடுகளில் இது கிடையாது. எங்களிடம் ஒருவர் இறந்தால் முதலில் நட்சத்திரத்தைப் பார்ப்போம். அவிட்டம் பின்பாதியில் தொடங்கி சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி என்று தொடர்ந்து வருகிற நாட்களில் உயிர் போனால் அந்த வீட்டுக்கு அடைப்பு. ஆறு மாதம் வீட்டைப் பூட்டிவிட வேண்டும். விளக்கேற்றக் கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது. புதுப்பெண் அந்தப் படியை மிதிக்கவே கூடாது. வேறு சில நட்சத்திரங்களுக்கும் உண்டு, மாதக் கணக்கு மட்டும் குறையும். ரேவதி முடிந்து அசுவினி பிறந்துவிட்டால் ஒன்றும் இல்லை. அசுவினியில் போனால் வெள்ளையடித்து, ஹோமம் செய்து, தையில் பால் காய்ச்சலாம். சாராள் குடும்பம் இதையெல்லாம் பார்ப்பதில்லை. அவர்களுக்கு நட்சத்திரம் கிடையாது. ஆனால் வீடு என்னுடையது.

இதற்கு முன்பு ஒவ்வொரு இரவும் நான் சாருடைய ஆயுளுக்காக வேண்டிக்கொண்டிருந்தேன் என்றால் நம்புவீர்களா? காலண்டரில் சதயம் என்று இருக்கிற நாளில் அந்தச் சத்தம் கேட்காமல் போனால், செங்கல்லில் காதை வைத்துக் கேட்பேன். இன்று வேண்டாம், இன்று வேண்டாம் என்று சொல்லிக்கொள்வேன். சாராளைத் தவிர அவருக்காக அவ்வளவு கவலைப்பட்டது நான் ஒருத்திதான்.

கார்த்திகையில் ஷைலாவுக்குப் பிரசவ வலி வந்தது. நாள் இருக்கும்போதே வந்துவிட்டது, சிக்கல் என்றார்கள். சாராள் வாசலில் நின்று கையைப் பிசைந்தாள். மாமாவை யாரிடம் விடுவது என்று தெரியவில்லை.

"நீங்க போய்ட்டு வாங்க அம்மணி. நான் இருக்கறேனில்ல" என்றேன்.

அப்போது என் மனதில் எதுவும் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் எனக்குப் பத்துத் தடவை சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். முதுகுக்கு மூன்று தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். கெட்டியாகக் கரைத்த கஞ்சி மட்டும்தான் கொடுக்க வேண்டும். ஒரு ஸ்பூன் கொடுத்து, தொண்டை ஏறி இறங்கும்வரை பார்த்திருந்து, அப்புறம்தான் அடுத்த ஸ்பூன். "படுத்தாப்ல இருக்கும்போது தண்ணி, பால் ஒண்ணும் குடுத்துறாதீங்கம்மா. புரையேறி நுரையீரலுக்குப் போயிரும். அன்னிக்கே ஆள் இருக்க மாட்டாருன்னு டாக்டர் சொல்லிருக்காருங்க." சாவியை என் கையில் கொடுத்துவிட்டு என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பூரட்டாதி, உத்திரட்டாதி நாட்களில் நான் அவரைப் பார்த்துக்கொண்டதைப் போல் சொந்த மகள்கூடப் பார்த்துக்கொள்ள மாட்டாள். கஞ்சியைத் துணியில் வடிகட்டி, மிளகு சீரகம் பொடித்துப் போட்டுக் கொடுத்தேன். வேட்டி மாற்றினேன். முதுகில் புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிவிட்டேன். எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. அவர் வாய் ஓரத்தைத் துடைக்கும்போது இடது கையைத் தூக்கி சல்யூட் வைப்பார். நானும் ஒரு முறை பதிலுக்கு வைத்தேன். அவர் சிரித்தார். பாதி முகம்தான் சிரிக்கும்.

ரேவதி அன்றைக்குக் காலையில் சாராள் போன் செய்தாள். பேரன் பிறந்துவிட்டான், தாயும் பிள்ளையும் நலம், சாயங்காலம் பஸ் ஏறி வந்துவிடுகிறேன் என்றாள். "மாமாகிட்டச் சொல்லுங்கம்மா. சந்தோசப்படுவாரு. ஏசப்பா புண்ணியத்துல இன்னும் நாலு வருசம் இருப்பாரு."

நான் போய் அவர் காதில் சொன்னேன். பேரன் என்றதும் அந்தச் சத்தம் வந்தது. அன்றைக்கு அது வேறு மாதிரி இருந்தது. பாட்டு மாதிரி என்று சொல்லலாம்.

இன்னும் நாலு வருடம்.

நான் என் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். கதவுக்கு விட்ட இடம் சுண்ணாம்புக்கு மேலேகூட லேசாகத் தெரியும். காலண்டரில் ரேவதி உச்சிவரைக்கும், பிறகு அசுவினி என்று போட்டிருந்தது. சாராள் சாயங்காலம் வந்துவிடுவாள். அடுத்த அசுவினி மார்கழிக் கடைசியில்தான் வரும், அதற்குள் காரியம் முடித்து, வெள்ளையடித்துக் காய நாள் போதாது. நான் சாப்பிட்டேன். கொஞ்சம் படுத்தேன், தூக்கம் வரவில்லை. எழுந்து பால் காய்ச்சினேன்.

தைக்கென்று வாங்கி வைத்திருந்த புதுப் பாத்திரத்தில் காய்ச்சவில்லை. அதை இதற்கு எடுப்பது சரியாகப் படவில்லை. தினமும் காய்ச்சுகிற பாத்திரத்தில்தான் காய்ச்சினேன். ஆற்றி, கை பொறுக்கிற சூட்டில் டம்ளரில் எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் விழித்துத்தான் இருந்தார். தலையணைகளை ஒவ்வொன்றாக உருவினேன். வேட்டி மாற்றப் போகிறேன் என்று நினைத்திருப்பார், எனக்கு வசதியாக முதுகைத் தூக்கிக் கொடுத்தார். மட்டமாகப் படுக்க வைத்து, வாயைத் திறக்கச் சொன்னேன். திறந்தார். அவர் கட்டுப்பாடான மனிதர், சொன்னதைச் செய்வார். எங்கள் வழக்கத்தில் உயிர் போகிற நேரத்தில் சொந்தக்காரர்கள் வாயில் பால் விடுவார்கள். அவருக்குப் பக்கத்தில் வேறு யாரும் இல்லை, நான்தான் இருந்தேன். பால் இனிப்பாக இருந்ததால் முதல் வாய் அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

புரையேறினால் யாரோ நினைத்துக்கொள்கிறார்கள் என்பார்கள். அவருக்குப் புரையேறியபோது நான்தான் அவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

டம்ளர் காலியாகும்வரை கொடுத்தேன். இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது, வலுவான பிடி. பி.டி. மாஸ்டர் அல்லவா. நான் உதறவில்லை. அது தானாக விடும்வரை வைத்திருந்தேன். கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன், மூன்று மணி ஆகப்போகிறது. பிறகு வாயைத் துடைத்து, தலையணை உறையை மாற்றி, மூன்று தலையணையையும் முதுகுக்கு வைத்து, கண்ணை மூடிவிட்டேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன்.

இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன்.

வீதிக்கோடியில் இருக்கிற டாக்டர் வந்து பார்த்தார். வயதானவர், படுத்த படுக்கை, அவர் ஒன்றும் தோண்டவில்லை. கடைசியாக எப்போது நல்லபடியாகப் பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்டார். மத்தியானம் என்றால் மத்தியானம் என்ன கொடுத்தீர்கள் என்பார். எனக்கு அந்தக் கேள்வி வேண்டாமென்று இருந்தது. "காலையில கஞ்சி குடிச்சாருங்க. அப்பவே கண்ணசந்தாரு. தூங்கட்டும்னு விட்டுப்போட்டேனுங்க. தூக்கத்துலயே போயிட்டாராட்டம் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் காலை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இத்தனை நாள் நட்சத்திரம் பார்த்தவள், அந்த ஒரு நிமிடம் நட்சத்திரத்தை மறந்து என்னைப் பார்த்துக்கொண்டேன்.

சாராள் இருட்டுகிற நேரத்தில் வந்தாள். நான் நினைத்த அளவுக்கு அலறவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கஷ்டப்பட்டாருங்களாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "பேரன் பொறந்ததக் கேட்டுட்டுத்தான் போனாரு இல்லீங்களா" என்றாள். ஆமாம் என்றேன். அது உண்மைதான். சர்ச்சில் அடக்க ஆராதனையின்போது பாதிரியார் என் பெயரைச் சொல்லி, நல்ல அயலான் யார் என்று பேசினார். முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மின்விசிறிக் காற்று நன்றாக வந்தது.

அந்த வாரமே அவள் சாமான்களை ஏற்றிக்கொண்டு கோபிக்குப் போய்விட்டாள். போகும் முன் வீட்டைக் கழுவி விட்டிருந்தாள். சாவியைக் கொடுக்கும்போது, "உங்க ஊட்ட ரொம்ப நாள் புடிச்சு வச்சுட்டோமுங்கம்மா, மன்னிச்சுக்குங்க" என்றாள். நான் என்ன செய்தாலும் கோர்ட்டு மூலம் அவ்வளவு சீக்கிரம் வாங்கியிருக்க முடியாது. கொத்தனாரை வரச் சொன்னேன். செங்கல்லை எடுக்க நாள் குறித்தேன்.

வீட்டைப் பார்த்துவிட்டுப் போக சம்பந்தி லட்சுமணசாமி அவர்கள் உடுமலையிலிருந்து வந்தார். வீதி முனையில் காரை நிறுத்தி இறங்கியிருக்கிறார். அங்கே மின்கம்பத்தில் சாருடைய பழைய மாணவர்கள் கட்டிய ஃப்ளெக்ஸ் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் விசிலோடு சார் சிரிக்கிற படம். கீழே தேதி, காலையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று பெரிய எழுத்தில். சம்பந்தி உள்ளே வந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"ஏனுங்க சம்பந்தியம்மா, அந்தப் பெரியவரு இந்த ஊட்லதான் போனாருங்களா?"

"ஆமாங்க."

அவர் போனை எடுத்துப் பஞ்சாங்கம் பார்த்தார். வியாபாரி, எதையும் உடனே பார்த்துவிடுவார். "அன்னிக்குக் காலைல ரேவதியில்லீங்க? ஆறு மாசம் அடைப்புங்களே. எம் பொண்ண எப்படிங்க இதுக்குள்ள கால் வெக்கச் சொல்றது?"

மத்தியானம்தான் போனார் என்று சொன்னேன். அவர் தப்பாகப் பேசுகிறவர் இல்லை. வாசலைப் பார்த்துக்கொண்டே, "டாக்டர் சர்டிபிகேட்ல என்ன போட்டிருக்குதுங்க?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கே வம்சி பேசினான். "விடும்மா. அவங்க பயப்படறதுல தப்பில்ல. நாங்க இங்கயே இருந்துக்கறோம். அட்வான்ஸ் குடுத்துட்டேன்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. செங்கல்லில் காதை வைத்தாலும் இல்லை. கொத்தனார் வந்து நின்றான், அப்புறம் சொல்லி அனுப்புகிறேன் என்றேன்.

யோசித்துப் பார்த்தேன். டாக்டரிடம் போய் நேரத்தை மாற்றிக் கேட்டால் ஏன் என்று கேட்பார். மத்தியானம் உயிரோடு இருந்தார் என்பதற்கு என்னைத் தவிர சாட்சி கிடையாது. நான் எப்படிப் பார்த்தேன் என்று சொல்லாமல், நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. அதனால்தான் குளித்து, விளக்கேற்றிவிட்டு, இங்கே வந்தேன். மனசாட்சி, அது இது என்று நீங்கள் எழுத வேண்டாம்.

பால் கொடுத்தது நான்தான். படுக்க வைத்துக் கொடுத்தேன், தெரிந்துதான் கொடுத்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். அப்புறம் நீங்கள் என்ன செய்கிறீர்களோ செய்யுங்கள். ஆனால் முதலில் நேரத்தைச் சரியாக எழுதிவிடுங்கள், அம்மணி. உச்சிக்கு மேல், மூன்று மணி. அசுவினி என்று பக்கத்திலேயே போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

எழுதி முடித்ததும் அதில் ஒரு நகல் எனக்குக் கொடுங்கள். சம்பந்தி வீட்டுக்குக் காட்ட வேண்டும்.